பாட்டுப் போடுவதும் பாட்டுப் பாடுவதும்

(திருவருகைக் கால வானொலி மறையுரை)



திருமானூர் வட்டாரத்தில் கிறிஸ்து பிறப்பு நெருங்குகிறது என்பதை நமக்கு முதலில் சொல்பவை கரைவெட்டி ஏரிக்கு வரும் பறவைகள். இமயமலையைக் கடந்து வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து நம் பிள்ளைகள் வருகிறார்கள். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், விடுப்புக் கிடைத்தால் வளைகுடா நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் மூடுகிறது. சம்பா வயல் பச்சையாய் நிற்கிறது. வீடுகளின் முன் நட்சத்திர விளக்கு ஏறுகிறது.

இந்த நாள்களில் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது இரண்டு கேள்விகளை நாம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஒன்று, "லீவுக்கு எங்கே போகலாம்?" மற்றொன்று, "குடிலுக்கு என்ன பாட்டுப் போடலாம்?" இரண்டும் மகிழ்ச்சியான கேள்விகளே. குடும்பம் கூடுவதும் பாட்டு ஒலிப்பதும் இந்த விழாவுக்கு உரியவை. ஆனால் இரண்டாம் கேள்வியில் உள்ள ஒரு சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் தாத்தா, பாட்டி காலத்தில் "என்ன பாட்டுப் பாடலாம்?" என்று கேட்டார்கள். நாம் "என்ன பாட்டுப் போடலாம்?" என்று கேட்கிறோம். பாடுவது போடுவதாக மாறிவிட்டது. ஒரு சொல்தானே என்று விட்டுவிடலாமா? கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் நம்மிடம் வந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், அந்தச் சொல்லோடு இன்னும் சில போய்க்கொண்டிருப்பது தெரியும்.

முதலில் பெத்லகேமுக்குப் போவோம். முதல் கிறிஸ்து பிறப்பும் ஒரு குடும்பப் பயணத்தில்தான் நடந்தது. ஆனால் அது அந்தக் குடும்பம் போட்ட திட்டம் அன்று. அகுஸ்து சீசர் மக்கள்தொகைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். அதனால் யோசேப்பு, நிறைமாதமாக இருந்த மரியாவை அழைத்துக்கொண்டு நாசரேத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைக் கடந்து சொந்த ஊருக்குப் போனார். சொந்த ஊரிலேயே தங்க இடம் கிடைக்கவில்லை. குடும்பத் தலைவர் ஒருவருக்கு அதைவிட வேறு தலைகுனிவு உண்டா? அந்த இரவில் வானதூதர் அணியின் பாட்டு அரண்மனையிலும் கேட்கவில்லை, விடுதியிலும் கேட்கவில்லை. வயல்வெளியில் ஆடுகளைக் காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்குத்தான் கேட்டது என்று லூக்கா எழுதுகிறார். விழாவுக்கு அழைக்கப்படாதவர்களுக்கே முதல் கிறிஸ்து பிறப்புப் பாட்டு பாடப்பட்டது.

உரோமைத் திருஅவை டிசம்பர் 25-ஐக் கொண்டாடியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று 336-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் அந்தப் பெருவிழாவுக்கு அழகான இலத்தீன் பாடல்கள் எழுந்தன. ஆனால் காலப்போக்கில் அவற்றைப் பாடியவர்கள் துறவியரும் குருக்களும் பயிற்சி பெற்ற பாடகர்களுமே. எளிய மக்கள் நின்று கேட்டார்கள்.

1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்னும் மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு காரியம் செய்தார். யோவான் என்னும் நண்பரிடம் சொல்லி ஒரு குகையில் வைக்கோலும் தீவனத்தொட்டியும், காளையும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். சுற்றுப்புறத்து மக்கள் தீப்பந்தங்களும் மெழுகுவர்த்திகளும் ஏந்தி வந்தார்கள். பிரான்சிஸ் குருப்பட்டம் பெறாதவர். திருத்தொண்டராக நின்று நற்செய்தியைப் பாடினார். காடு முழுவதும் மக்களின் குரலால் எதிரொலித்தது என்று அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். இன்று நம் வீட்டுத் திண்ணையில் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு நாம் கட்டும் குடிலுக்கு அந்த இரவு ஒரு தாய்வீடு. குடில் என்பது பார்த்துவிட்டுப் போகும் காட்சிப் பொருளாகத் தொடங்கவில்லை. மக்கள் கூடிப் பாடுவதற்கான இடமாகத் தொடங்கியது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடக் கரையோரத்தில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அடைக்கல மாதாவைத் தேடி நாம் ஆண்டுதோறும் போகும் ஊர். அங்கே வாழ்ந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்பது இயற்பெயர். இயேசு சபைக் குருவாகி 1710-இல் கோவாவில் வந்து இறங்கினார். தமிழ் கற்கத் தொடங்கும்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. குருத்துவப் படிப்பை முடித்த அறிஞர் மீண்டும் மாணவராகி, சுப்பிரதீபக் கவிராயர் போன்ற தமிழ்ப் புலவர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். இறையியல் படித்த நமக்கெல்லாம் அவர் காட்டும் முதல் பாடம் இதுதான்: கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர் இயற்றிய தேம்பாவணி 1726-ஆம் ஆண்டளவில் முடிந்தது. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். இவ்வளவு பெரிய காப்பியத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த தலைவர் யார்? அரசரும் அல்லர், போர்வீரரும் அல்லர். தச்சுத் தொழிலாளியான புனித சூசையப்பர். அவருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். பெத்லகேமில் இடம் கிடைக்காமல் வாசல் வாசலாக ஏறி இறங்கிய அந்தக் குடும்பத் தலைவருக்குத் தமிழில் ஒரு காப்பியமே வீடாகக் கிடைத்தது. யூதேய நாட்டைப் பாடும்போதும் வீரமாமுனிவர் நம் நாட்டையே பாடினார். மழை பொழிந்து, ஆறு பெருகி, வயலில் நெல் விளையும் நாடாக அதைக் காட்டினார். கொள்ளிடத்தைக் கண்ட கண்ணுக்கு யோர்தானும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

புலவர்களுக்குத் தேம்பாவணி தந்தவர் எளிய மக்களை மறக்கவில்லை. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வழங்கி, அங்குள்ள அன்னைமேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். பெண்கள் அம்மானை ஆடும்போது பாடும் வடிவத்தை எடுத்துக் கித்தேரியம்மாள் அம்மானை எழுதினார். இத்தாலியிலிருந்து வந்தவர் இத்தாலி இராகத்தை நமக்குத் தரவில்லை. நம் வாயில் ஏற்கெனவே இருந்த பாட்டின் வடிவத்தை எடுத்து, அதில் நற்செய்தியை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஏன்? பாட்டு வாயில் ஏறினால்தான் விசுவாசம் வீட்டுக்குள் ஏறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கொள்ளிடப் பாலத்தைக் கடந்து தெற்கே போனால் திருவையாறு, அதைத் தாண்டினால் தஞ்சாவூர். அந்த மண்ணிலும் இதே வேலை நடந்தது. 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் நம் சீர்திருத்தத் திருஅவைச் சகோதரர். தஞ்சையில் மன்னர் இரண்டாம் சரபோஜியோடு சேர்ந்து கல்வி கற்றவர். கோயில் திருவிழாக்களில் மக்கள் விரும்பிப் பார்த்த குறவஞ்சி வடிவத்தைக் கையாண்டு பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அதை அவர் தனியாகப் பாடவில்லை. குழுவாகச் சேர்ந்து பாடினார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாடற்பணியைத் தொடர்ந்தார்கள். அந்த வீட்டில் பாட்டு ஒரு குடும்பச் சொத்தாக இருந்தது.

நம் கத்தோலிக்கத் திருஅவையில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை இருந்தார். 1826-இல் பிறந்து மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் அவரே இயற்றினார். 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்குச் சோறிட்டார். பாடிய வாயும் கொடுத்த கையும் ஒரே மனிதருக்கு உரியவையாக இருந்தன.

இனி ஒரு சிறிய ஐரோப்பிய ஊர். ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட்' என்று நாம் அறிந்த பாடல், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகே ஓபெர்ன்டார்ஃப் ஊரின் புனித நிக்கோலா ஆலயத்தில், 1818 டிசம்பர் 24 இரவில் முதன்முதலாகப் பாடப்பட்டது. பாடலை எழுதியவர் யோசேப் மோர் என்னும் இளம் உதவிப் பங்குக் குரு. இசையமைத்தவர் பிரான்ஸ் சேவர் குரூபெர் என்னும் பள்ளி ஆசிரியர். இரண்டு குரல், ஒரு கிட்டார். அவ்வளவுதான். நெப்போலியன் போர்கள் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மக்கள் வறுமையில் இருந்தார்கள். அந்தப் பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களும் குடும்பங்களே. கையுறை தைத்துச் சந்தைகளில் விற்ற ஸ்ட்ராசர் குடும்பத்தார் விற்கப் போன இடத்தில் பாடினார்கள். ரைனர் குடும்பத்தார் கடல் கடந்து அமெரிக்காவிலும் பாடினார்கள். அதை எழுதிய மோர் குருவோ, தாம் பணியாற்றிய ஊரின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்துவிட்டு, 1848-இல் கையில் பொருள் ஏதுமின்றி இறந்தார்.

1914 கிறிஸ்து பிறப்பு இரவில், முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில், பதுங்குகுழிகளில் இருந்த ஜெர்மானிய வீரர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி இப்படிப்பட்ட பாடல்களைப் பாடினார்கள். எதிரே இருந்த ஆங்கிலேய வீரர்கள் தங்கள் பாடல்களால் பதில் பாடினார்கள். பல இடங்களில் இரு பக்கத்தாரும் வெளியே வந்து கைகுலுக்கினார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். பாட்டு போரை நிறுத்திவிடவில்லை. சில நாள்களில் துப்பாக்கிகள் மீண்டும் முழங்கின. ஆனால் எதிரே இருப்பவரும் ஒரு தாயின் மகன் என்பதை அந்த ஓர் இரவில் பாட்டுக் காட்டியது. அங்கே எவரும் பாட்டுப் போடவில்லை. பயந்த வீரர்கள், கரகரத்த குரலில், தாங்களே பாடினார்கள்.

நம் ஊர்களில் நெடுங்காலம் திருப்பலி இலத்தீனில் நடந்தது. நம் மூத்தோர் அதைப் புரிந்தும் புரியாமலும் முழந்தாளில் நின்றார்கள். ஆனால் நவநாளிலும் பவனியிலும் வீட்டுச் செபத்திலும் தமிழில் பாடினார்கள். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மக்களின் மொழிக்கு அது கதவைத் திறந்தது. ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் உரிய இசை மரபுக்குத் தக்க மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்றும் கூறியது. வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் வைத்த விதை உலகத் திருஅவையின் ஏட்டில் முளைத்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது. திருப்பலிப் பீடத்தைச் சுற்றி மக்கள் தமிழில் பாடினார்கள். ஆர்மோனியமும் தபேலாவும் வந்தன.

பிறகு ஒலிநாடா வந்தது. குறுந்தகடு வந்தது. இப்போது கைப்பேசி. நல்ல பாடகர்கள் நன்றாகப் பாடிய பாட்டு நம் கைக்குள் இருக்கிறது. அது ஒரு கொடையே; படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு வானொலியில் வரும் பாட்டு எவ்வளவு பெரிய துணை! அந்தக் கொடையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மிக அழகான குரல் கையில் இருக்கும்போது நம் சுமாரான குரலுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. வெட்கப்பட்ட வாய் மூடிக்கொள்கிறது. அந்த வாய்க்குள் இருந்த பாட்டும் அதனோடு மூடிக்கொள்கிறது.

ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் 24 அன்று காலையில், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றோம். ஒரு வீட்டில் வயதான தாய் ஒருவர் தனியே இருந்தார். பிள்ளைகள் வெளியூரில், விடுமுறைக்கு வேறு இடம் போவதாகத் திட்டம். பக்கத்து வீட்டார் சாப்பாடு கொடுத்துவிட்டு, துணைக்கு இருக்கட்டும் என்று தொலைக்காட்சியில் கிறிஸ்து பிறப்புப் பாடல்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செபத்துக்காக அதை நிறுத்தச் சொன்னோம். நற்கருணை வாங்கிய பின் அந்த வீடு அமைதியாக இருந்தது. திடீரென்று அந்தத் தாய் பாட ஆரம்பித்தார். அன்று என்ன கிழமை என்று அவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகளின் பெயரும் மறந்து போயிருந்தது. பாட்டு மறக்கவில்லை. குருமடத்திலும் நாம் கேட்டறியாத பழைய பாட்டு. குழந்தை இயேசுவுக்குத் தாலாட்டு. தண்ணீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சிறுமி, "ஆயா, இது என்ன பாட்டு? எனக்கும் சொல்லிக் குடு" என்றாள். அவர் சிரித்தார். அன்று அவர் முகத்தில் நாம் கண்ட முதல் சிரிப்பு அதுதான்.

நாம் என்ன செய்தோம்? நள்ளிரவுத் திருப்பலிக்கு ஒலிபெருக்கி வந்து சேரவில்லையே என்ற கவலையில், "அப்புறம் வந்து எழுதிக்கிறோம்மா" என்று சொல்லி எழுந்துவிட்டோம். தவக்காலம் தொடங்குவதற்குள் அந்தத் தாயை அடக்கம் செய்தோம். அந்தச் சிறுமிக்கு முதல் இரண்டு அடிகள் நினைவிருக்கின்றன. மீதி அடிகள் ஊரில் எவருக்கும் தெரியவில்லை. யாருக்கோ யாரோ பாடி, வாய்வழியாக எத்தனையோ தலைமுறை வந்த ஒரு தாலாட்டு நம் அவசரத்தால் நின்றுபோனது. மற்றவர்களைக் குறை சொல்லும் முன் நம்மை நாமே குறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே, பிரியமானவர்களே, இந்த விடுமுறைக்குக் குடும்பமாக உட்கார்ந்து திட்டம் போடுங்கள். தாராளமாகப் போடுங்கள். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போங்கள். அவர்களுக்கும் ஓய்வு வேண்டும். ஆனால் "எங்கே போகலாம்?" என்று கேட்பதற்கு முன் "யார் தனியாக இருப்பார்கள்?" என்று கேளுங்கள். வளைகுடாவில் கணவர் இருக்கும் வீடு, அண்மையில் இறப்பு நடந்த வீடு, பிள்ளைகள் வராத முதியவரின் வீடு ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பயணத் தேதியை வையுங்கள். பெத்லகேமில் யோசேப்பு தட்டிய கதவுகள் எல்லாம் தீயவர்களின் கதவுகள் அல்ல; ஏற்கெனவே திட்டம் போட்டு நிரம்பிவிட்ட வீடுகளின் கதவுகளாக இருந்திருக்கலாம்.

நம் பங்கில் இந்த ஆண்டு, நள்ளிரவுத் திருப்பலிக்கு முந்தைய அரைமணி நேரம் குடிலருகே பதிவு செய்த பாடல் எதுவும் ஒலிக்காது. ஊரில் இருப்பவர்களும் ஊருக்கு வந்தவர்களும் சேர்ந்து பாடுவோம். சுருதி விலகினால் விலகட்டும். கிறிஸ்து பிறப்புப் பாடல் பவனி வீடு வீடாக வரும்போது, குழுவினர் பாடி முடித்ததும் அந்த வீட்டில் மூத்தவர் ஒருவரை ஒரு பாட்டுப் பாடும்படி கேட்பார்கள். இளையோர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒரு நோட்டிலும் எழுதி வைப்பார்கள். பாட்டுப் போடுவதற்குப் பயன்பட்ட கருவி பாட்டைக் காப்பதற்கும் பயன்படட்டும். பவனிக்குத் தனியாக இருப்பவர்களின் வீடுகளே முதல் வீடுகள்.

குடும்பங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். டிசம்பர் 24 மாலையில், குடிலில் குழந்தை இயேசுவை வைக்கும்போது, வீட்டில் உள்ள எல்லாரும் ஒரு பாட்டைச் சேர்ந்து பாடுங்கள். தாத்தாவோ பாட்டியோ தொடங்கட்டும். மிகச் சிறிய பிள்ளை முடிக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனைத் தொலைபேசியில் அழைத்து, அவரையும் பாடச் சொல்லுங்கள். அவர் குரல் விட்டு விட்டுக் கேட்கலாம். பரவாயில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் உங்கள் பேரப்பிள்ளைகள் நினைத்துப் பார்க்கப்போவது அந்த உடைந்த குரலைத்தான்.

வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்வது வேடிக்கைதான். இருந்தாலும் சொல்கிறோம். இந்த மறையுரை முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சியில் நல்ல பாடல்கள் வரும். அவற்றுக்கு முன் ஐந்து நிமிடம் வானொலியை அணைத்துவிட்டு, அருகில் இருக்கும் முதியவரிடம், "உங்களுக்குத் தெரிந்த பழைய பாட்டு ஒன்று பாடுங்க" என்று கேளுங்கள். அவர் முதலில், "எனக்கு என்ன தெரியும்?" என்பார். கொஞ்சம் காத்திருங்கள்.

இடமில்லாமல் பிறந்த இயேசு பாலன் நம் வீட்டில் இடம் பெறவும், நம் வாயில் பாட்டாக வாழவும் வரமருள்வாராக. ஆமென்.